மலைக்காட்டின் வரைபடத்தைத் திறந்து விடுங்கள்: நில அளவையாளர் நாயகத்துக்கு ஒரு திறந்த மடல்

நில அளவையாளர் நாயகம் அவர்களுக்கும், கொழும்பு கிருள வீதியில் இருக்கும் நில அளவைத் திணைக்களத்தின் படமாக்கல் பிரிவில் வேலை செய்யும் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் கொழும்பில் தமிழ் மொழிமூலம் புவியியல் கற்பிக்கும் ஆசிரியை. கேட்க வந்ததை முதலிலேயே சொல்லி விடுகிறேன். மத்திய மலைநாட்டின் காட்டுப் பகுதிகள் அடங்கும் 1:50,000 இடவிளக்கப்படத் தாள்களையும், அவற்றின் சமவுயரக்கோடு (ஒரே உயரமான இடங்களை இணைக்கும் கோடு), நீரோடை, உயரப்புள்ளித் தரவுகளையும் யாரும் காசு கொடுக்காமல் தரவிறக்கிப் பயன்படுத்த விடுங்கள். அடுத்த திருத்தத்தின்போது அந்த மலைகளின், ஓடைகளின் பெயர்களை அங்கே வாழ்பவர்களிடம் கேட்டுத் தமிழிலும் சிங்களத்திலும் பதியுங்கள்.

சாதாரண தரப் புவியியல் வினாத்தாளில் ஒவ்வொரு வருடமும் உங்கள் 1:50,000 தாளிலிருந்து வெட்டிய ஒரு துண்டு வரும். பிள்ளைகள் அதில் சமவுயரக்கோடுகளைப் பார்த்து இது சுவடு (மலையிலிருந்து வெளியே நீட்டி நிற்கும் முகடு), இது பள்ளத்தாக்கு, இது சாய்வு என்று அடையாளம் காண வேண்டும். நன்றாகவே செய்கிறார்கள். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மென்சாய்வு என்பது பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மனப்பாடம். ஆனால் பரீட்சை முடிந்த பிறகு அந்தத் துண்டுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்கிற பிள்ளைக்கு நான் காட்ட ஒன்றும் இல்லை. நாடு முழுவதையும் 92 தாள்களில், ஒவ்வொன்றும் 40 கிலோமீற்றர் நீளமும் 25 கிலோமீற்றர் அகலமும் கொண்ட நிலத்தைக் காட்டுவதாக நீங்கள் வரைந்து வைத்திருக்கிறீர்கள். அச்சுத் தாளை விலைக்கு வாங்கலாம். அதே தாளின் எண்ணிமத் தரவு வேண்டுமானால் படைக்கு (தரவு அடுக்குக்கு) இவ்வளவு, தாளுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்ட வேண்டும். ஒரு பொறியியல் நிறுவனத்துக்கு அது பெரிய தொகை இல்லை. ஒரு வகுப்பறைக்கும், ஒரு தோட்டத்து இளைஞர் சங்கத்துக்கும் அது எட்டாத தொகை.

இதை எழுதத் தூண்டியது, உயர்தர வகுப்பில் ஸ்வால்பார்ட் தீவுகளைப் பற்றிப் படிப்பித்த ஒரு பாடம். நோர்வேக்கு வடக்கே, வட துருவத்துக்குப் போகிற வழியில் இருக்கும் தீவுக்கூட்டம் அது. பரப்பளவு சுமார் 61,000 சதுர கிலோமீற்றர். நமது நாடு 65,610. கிட்டத்தட்ட ஒரே அளவு நிலம். நம்மிடம் இரண்டு கோடிக்கு மேல் மக்கள்; அங்கே ஏறக்குறைய மூவாயிரம் பேர். பாதிக்கு மேல் பனிக்கட்டியாறுகள் மூடிய நிலம். லாங்யியர்பியன், பாரன்ட்ஸ்புர்க், நீ-ஓலசுண்ட் என்ற குடியிருப்புகளுக்கு உள்ளே மட்டும் வீதி உண்டு. ஒரு குடியிருப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போக வீதியே கிடையாது. படகில் போகலாம், பனியூர்தியில் போகலாம், விமானத்தில் போகலாம். அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட நிலத்தின் 1:100,000 இடவிளக்கப்படம் முழுவதையும், அதன் எண்ணிமத் தரவோடு, நோர்வே துருவ நிறுவனம் உலகத்தில் யாருக்கும் இலவசமாகத் தருகிறது. வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் இருந்தபடி என் மாணவி அதைத் திறந்து, 1,713 மீற்றர் உயரமான நியூட்டன்டொப்பன் சிகரத்தின் சமவுயரக்கோடுகளை எண்ணினாள். பிறகு அவள் கேட்டாள்: "டீச்சர், எங்கட சிவனொளிபாதமலையை இப்பிடிப் பார்க்கேலாதா?"

அவளுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

ஸ்வால்பார்ட்டின் வரைபடம் சுலபமாக வந்த ஒன்றல்ல. 1899 முதல் 1902 வரை சுவீடனும் ரஷ்யாவும் சேர்ந்து பூமியின் வடிவத்தை அறிய ஒரு நெடுங்கோட்டு வில்லை (வடக்கு தெற்காக ஓடும் கோட்டின் ஒரு பகுதியை) அங்கே அளந்தன. மலையுச்சிகளில் அளவை நிலையங்கள் நிறுவி, உச்சியிலிருந்து உச்சிக்குக் கோணம் பார்த்து அளந்த வேலை அது. 1906இலும் 1907இலும் மொனாக்கோ இளவரசர் முதலாம் அல்பேர்ட்டின் செலவில் குன்னார் இசாக்சன் என்ற நோர்வே அதிகாரி வடமேற்கு மூலையைப் படமாக்கினார். 1920இல் கையெழுத்தான உடன்படிக்கையின் மூலம் தீவுகள் நோர்வேயின் ஆட்சிக்குள் வந்தன. 1928இல் அடோல்ஃப் ஹூலின் தலைமையில் அளவைக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அதுதான் 1948இல் துருவ நிறுவனமாக மாறியது.

அவர்கள் செய்த புத்திசாலித்தனமான வேலை 1936இலும் 1938இலும் நடந்தது. பேர்ன்ஹார்ட் லுங்க என்ற அளவையாளர் விமானத்திலிருந்து தீவுகளைச் சரிவாகப் படம் பிடித்தார். நேர் கீழே பார்த்துப் பிடிக்கும் படம் சிறு பரப்பைத்தான் காட்டும். பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், வானம் தெளிந்திருக்கும் அந்தச் சில கோடை நாட்களுக்குள் மலைத்தொடர் முழுவதும் அகப்படும். ஆனால் படம் மட்டும் போதாது. படத்தில் தெரியும் எந்த உச்சி எந்த ஆள்கூறில், எந்த உயரத்தில் இருக்கிறது என்று தரையில் நிலைப்படுத்திய புள்ளிகள் வேண்டும். அதற்காக ஆட்கள் படகில் போய் இறங்கி, கோணம் அளக்கும் தியோடலைற்றைச் சுமந்து கொண்டு மலையேறினார்கள். அந்தப் புள்ளிகளோடு படங்களைப் பொருத்தி, இரண்டு படங்களை ஒன்றாகப் பார்த்து ஆழம் காணும் கருவியில் வைத்து, 50 மீற்றர் இடைவெளியில் சமவுயரக்கோடு வரைந்தார்கள். தாள்கள் எல்லாம் வெளிவர ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று.

அந்தப் பழைய படங்கள் இன்றும் வேலை செய்கின்றன. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றைக் கணினியில் மறுபடி பொருத்தி 1,594 பனிக்கட்டியாறுகளின் அன்றைய மேற்பரப்பை மீட்டெடுத்தது. முக்கால் நூற்றாண்டில் எவ்வளவு பனி உருகியிருக்கிறது என்று அதிலிருந்து கணக்கிட்டார்கள். 1936இல் படம் பிடித்தவர்களுக்கு இப்படி ஒரு பயன் வரும் என்று தெரிந்திருக்க முடியாது. படங்களைப் பத்திரப்படுத்தி, கேட்டவர்களிடம் கொடுத்ததால் வந்த பயன் அது.

நம்மிடமும் அத்தகைய செல்வம் இருக்கிறது. 1956இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு இந்தத் தீவு வான்படம் பிடிக்கப்பட்டது. அன்றைய காடு எது, அன்றைய தேயிலை எது, எந்தச் சரிவில் பழைய மண்சரிவின் வடு இருக்கிறது என்று அந்தப் படங்களைப் பார்த்துச் சொல்ல முடியும். உங்கள் திணைக்களமோ ஸ்வால்பார்ட்டில் அந்த நெடுங்கோட்டு வில்லை அளப்பதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்பே, 1800 ஓகஸ்ட் 2ஆம் திகதி தொடங்கியது. நீர்கொழும்புக்கு அருகே கந்தவலையில் அடிக்கோடு (மற்ற அளவைகளுக்கு அடிப்படையான முதல் கோடு) அளந்தவர்களும், பீதுருதலாகலை உச்சியை நாட்டின் ஆள்கூற்று வலைக்கு மூலப்புள்ளியாக வைத்தவர்களும் உங்கள் முன்னோர்கள். 1897 முதல் 1924 வரை அவர்கள் தளமேசையைத் தூக்கிக் கொண்டு காடு காடாக நடந்து, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் 72 தாள்களை முடித்தார்கள். அட்டைக்கும் யானைக்கும் மலேரியாவுக்கும் நடுவில் செய்த வேலை. மேசையை நிறுத்தி, கண்ணால் பார்த்து, அந்த இடத்திலேயே பென்சிலால் கோடு இழுத்த வேலை. உலகத்தில் எந்த அளவைத் துறைக்கும் முன்னால் நிமிர்ந்து நிற்கத் தகுந்த வேலை என்றுதான் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறேன்.

இப்போது மாணவி கேட்ட மலைக்கு வருகிறேன். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். அங்கிருந்து கிழக்கே ஹோர்ட்டன் சமவெளி வரை நீளும் காட்டு முகடு, பெரும்பாலும் வீதியே இல்லாத நிலம். நல்லதண்ணியில் வீதி முடிகிறது. அதற்கு மேல் படிக்கட்டும் காடும்தான். ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு சேர்த்து 2010இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையாக அறிவித்தது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி, ஹஜ் யாத்திரைக்குப் புறப்பட்ட இந்தோனேசியர்களை ஏற்றி வந்த விமானம் கொழும்பில் தரையிறங்க வரும் வழியில் மோதி 191 பேரும் இறந்தது, இந்தப் பக்கத்திலிருக்கும் ஏழுகன்னி மலையில்தான். மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வந்து கொழும்பில் படிக்கும் பிள்ளைகள் தாத்தா பாட்டி சொன்ன அந்தக் கதையைச் சொல்வார்கள். அந்த மலை எது, ஏன் அவ்வளவு செங்குத்து என்று சமவுயரக்கோட்டில் காட்டச் சொன்னால், நான் கரும்பலகையில் கையால் வரைகிறேன்.

கொழும்பில் இருக்கும் எங்களுக்கு அந்தக் காடு தூரத்து விஷயம் போலத் தோன்றலாம். ஆனால் மஸ்கெலிய ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் அந்த மலைகளில் பிறந்து சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. அம்பத்தளையில் அந்த ஆற்றிலிருந்து எடுத்த தண்ணீரைத்தான் நகரத்தின் பெரும்பகுதி குடிக்கிறது. வெள்ளம் வந்தால் கொலன்னாவையிலும் களனியிலும் வீட்டுக்குள் புகுவதும் அதே ஆறுதான்.

"இணையத்தில் இலவசமாக உயரத் தரவு இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்கலாம். என் வகுப்பும் அதைத்தான் பயன்படுத்துகிறது, ஆகவே அதன் குறை தெரியும். 2000 பெப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாட்கள் பறந்து ரேடாரால் உலகத்தின் பெரும்பகுதியை அளந்தது. சுமார் 30 மீற்றருக்கு ஓர் உயரப்புள்ளி. திறந்த வெளியில் அது அருமையான தரவு. ஆனால் அந்த ரேடார் அலை அடர்ந்த காட்டின் இலைகளைத் தாண்டி முழுதாக நிலத்தைத் தொடுவதில்லை. தரையின் உயரம் என்று நாம் எடுத்துக் கொள்வது, பல இடங்களில் மரங்களின் தலைக்கும் அடிக்கும் இடையே எங்கோ ஓர் உயரம். மலைக்காட்டில் ஒடுங்கிய ஓர் ஓடைப் பள்ளம் அதில் அப்படியே மறைந்து போகலாம். உங்கள் 20 மீற்றர் சமவுயரக்கோடுகளில் அத்தகைய பள்ளங்கள் பல தெரிகின்றன. கோடு மேல்நோக்கி வளைந்து உள்ளே போகும் அந்தச் சின்ன மடிப்பில்தான் மழைத் தண்ணீர் கூடும். மண் வழுக்கத் தொடங்குவதும் பல தடவை அங்கேதான்.

இதைச் சொல்லும்போது எனக்கு மீரியபெத்த ஞாபகம் வருகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தையில் மலை இறங்கி வந்து தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. 2016 மே மாதத்தில் அரநாயக்க. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை என்று மலை முழுவதும் சரிந்தது. மண்சரிவு அபாய வரைபடங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தயாரிக்கிறது. நல்ல வேலைதான், உங்கள் சமவுயரக்கோடுகள் இல்லாமல் நடக்காத வேலையும்கூட. ஆனால் அபாயம் சிவப்பு, மஞ்சள் என்று நிறத்தில் தெரிவது ஒன்று. தன் லயத்துக்கு மேலே இருக்கும் சரிவு எத்தனை பாகை, எந்த மடிப்பு தன் வாசலுக்கு இறங்குகிறது, மழை பெய்தால் எந்த முகட்டுக்கு ஏறிப் போக வேண்டும் என்று தோட்டத்துப் பிள்ளை தானே பார்ப்பது வேறு. படிக்க அவளுக்குத் தெரியும். சாதாரண தரத்தில் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். கையில் படம்தான் இல்லை.

திறந்து விட்டால் பாதுகாப்புக்குப் பங்கம் வரும் என்ற வாதம் போர்க்காலத்திலிருந்து வருகிறது. அந்தப் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. அந்தக் காலத்தை வாழ்ந்தவள் நான். ஆனால் முகாம்களும் முக்கிய நிலையங்களும் வேறு தரவுப் படை, மலையின் வடிவம் வேறு தரவுப் படை. முன்னதை நீக்கி விட்டுப் பின்னதைத் தரலாம். மலையின் வடிவத்தை வெளிநாட்டுச் செய்மதிகள் ஏற்கனவே அளந்து விட்டன. நல்ல அளவீடு கிடைக்காமல் இருப்பது நமது ஆட்களுக்கு மட்டும்தான்.

வருமானம் போய்விடும் என்பது அடுத்தது. பிரித்தானியாவின் ஓட்னன்ஸ் சேர்வே 2010 ஏப்ரலில் தன் தரவுகளில் ஒரு பகுதியை இலவசமாக்கியது. மற்றதை இன்றும் விற்கிறது. அப்படி நீங்களும் செய்யலாம். நகர்ப்புறத்தின் 1:10,000 தரவை நிறுவனங்களுக்கு விற்றுக் கொள்ளுங்கள். ஆள் நடமாட்டமே குறைந்த காட்டு மலைகளின் தாள்களை வைத்து அரசுக்கு என்ன பெரிய வருமானம் வந்து விடும்? வரிப்பணத்தில் ஒரு தடவை அளந்ததை அந்த வரியைக் கட்டியவர்களுக்கே விற்பது நியாயமா என்ற கேள்வியும் இருக்கிறது.

எனக்கு உண்மையாகவே கவலை தரும் வாதம் மூன்றாவது. காட்டின் படம் எல்லோர் கைக்கும் போனால் எல்லோரும் காட்டுக்குள் போவார்கள். மாணிக்கக்கல் தோண்டுபவரும், வேட்டைக்காரரும், குப்பையை விட்டு வரும் சுற்றுலாக் கூட்டமும் போகும். இது நியாயமான பயம். ஆனால் மாணிக்கம் தோண்டுபவருக்கு இன்றும் வழி தெரியும். உங்கள் தாள் அவருக்குத் தேவைப்பட்டதில்லை. வழி தவறி இரவெல்லாம் குளிரில் நிற்பது, தொலைபேசியில் யாரோ கீறிய ஒற்றைக் கோட்டை நம்பி அனுமதியும் இல்லாமல் ஏறும் இளைஞர்கள்தான். அவர்களைத் தேடிப் போகும் ஊராருக்கும் படையினருக்கும் நல்ல படம் வேண்டும். பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் இருக்கும் ஒற்றையடிப் பாதைகளை வெளியிடும் தாளில் விட்டு விடுங்கள், நான் ஆட்சேபிக்க மாட்டேன். வனசீவராசிகள் திணைக்களம் அனுமதிக்கும் பாதைகள் மட்டும் இருக்கட்டும். நிலத்தின் வடிவமும் நீரோட்டமும் பெயரும் போதும்.

பெயர் என்றதும் இன்னொன்று. ஸ்வால்பார்ட்டில் ஒவ்வொரு குடாவுக்கும் உச்சிக்கும் பெயர்ப் பதிவேடு இருக்கிறது. அந்தப் பெயரை எப்போது, யார், எதனால் வைத்தார்கள் என்ற குறிப்பும் அதில் உண்டு. டச்சுக்காரத் திமிங்கில வேட்டைக்காரர் வைத்த பெயர், ரஷ்யர் வைத்த பெயர், சுவீடன்காரர் வைத்த பெயர் எல்லாம் அங்கே பதிவாகியிருக்கின்றன. நிரந்தரக் குடிகளே இல்லாமல் இருந்த தீவுகள் அவை. நமது மலைகளிலோ தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்கிறார்கள். தோட்டப் பதிவில் ஆங்கிலப் பெயர் ஒன்று, பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் ஒரு பெயர், கொழுந்து பறிக்கும் பெண்கள் சொல்லும் தமிழ்ப் பெயர் இன்னொன்று. மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, கோயில் இருக்கும் பாறை, பேய் ஓடும் ஓடை என்று அவர்களிடம் ஒவ்வொரு வளைவுக்கும் பெயர் உண்டு. மண்சரிவு நடந்த இரவில் உதவி கேட்டுத் தொலைபேசி எடுப்பவர் அந்தப் பெயரைத்தான் சொல்வார். மறுமுனையில் இருப்பவரின் படத்தில் அது இல்லை. தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. ஓர் ஓடையின் பெயரும் அதற்குள் அடங்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பெயர்களைச் சேகரிப்பது செய்மதியால் ஆகாத வேலை. நடந்து போய், தேநீர் குடித்து, மூத்தவர்களோடு இருந்து கேட்க வேண்டிய வேலை. தியத்தலாவையில் உங்கள் நிறுவனத்தில் பயிலும் இளம் அளவையாளர்களை அதற்கு அனுப்பலாம். அவர்கள் இருப்பது மலையிலேயே. ஆள் போதாது என்றால் ஆசிரியர்களையும் உயர்தர மாணவர்களையும் கேளுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் என் மாணவர்கள் ஒரு படிவத்தில் பாட்டியிடம் கேட்டு எழுதி வரத் தயாராக இருக்கிறார்கள். இடத்தின் ஆள்கூறு, உள்ளூர்ப் பெயர் இரு மொழியிலும், சொன்னவரின் வயது, பெயருக்கு அவர் சொல்லும் காரணம்: இவ்வளவு இருந்தால் போதும். சரிபார்த்து ஏற்பதும் விடுவதும் உங்கள் கையில்.

எல்லாத் தாளையும் ஒரே நாளில் கேட்கவில்லை. சிவனொளிபாதமலை, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் அடங்கும் தாள்களிலிருந்து தொடங்குங்கள். அச்சுத் தாளின் தெளிவான பிரதி ஒன்று, சமவுயரக்கோடும் நீரோடையும் உயரப்புள்ளியும் தனித்தனிப் படைகளாக இன்னொன்று. அப்புறம், 1956 வான்படங்களில் அந்தப் பகுதிகளுக்கு உரியவற்றை வருடி ஏற்றுங்கள். பயன்படுத்துவோர் திணைக்களத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை போடுங்கள்; அது உங்களுக்கு உரிய மரியாதை.

இந்த மடலுக்குப் பதில் தருவீர்கள் என்று நம்புகிறேன். முடியாது என்றால் எது தடை என்று சொல்லுங்கள். சட்டமா, நிதியா, ஆளணியா என்று தெரிந்தால் அதை எங்கே போய்க் கேட்பது என்று எங்களுக்கும் தெரியும். பதிலைத் தமிழில் தாருங்கள். வகுப்பில் வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
கொழும்பிலிருந்து ஒரு புவியியல் ஆசிரியை